சட்டமும் குடும்பமும்: முதல் இருபத்து நான்கு மணி நேரம்



ஒரு வீட்டை மனக்கண் முன் கொண்டு வாருங்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை முடித்து வந்த தாய் உலையை ஏற்றிவிட்டு, இன்னும் வீடு திரும்பாத பதினாறு வயது மகனுக்காக வாசலைப் பார்த்தபடி இருக்கிறார். இரவு மணி ஒன்பது. பக்கத்து வீட்டுச் சிறுவன் மூச்சிரைக்க ஓடிவந்து, "மாமி! உங்க பையனைப் போலீஸ்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. யாரோ செல்போனைப் பறிச்சாங்களாம்; இவனும் கூட இருந்தானாம்" என்கிறான்.

அந்தத் தாய் என்ன செய்வார்? நம் குடும்பங்களில் வழக்கமாக நடப்பவை மூன்று. ஒன்று, தெருவுக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே, மூத்த மகளுக்கு வந்திருக்கும் சம்பந்தம் தட்டிப் போகுமே என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுவது. இரண்டு, "ஸ்டேஷனில் எனக்கு ஆளைத் தெரியும்" என்று சொல்லி வரும் தரகரிடம் காதில் கிடக்கும் கம்மலைக் கழற்றிக் கொடுப்பது. மூன்று, வாப்பா கோபத்துடன், "கிடக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும்" என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்வது.

இம்மூன்றும் பிள்ளைக்குக் கேடு. சட்டம் அந்தப் பிள்ளைக்குப் பல பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. ஆயினும், அவற்றைக் கேட்டுப் பெற ஒருவர் அருகில் இருந்தால்தான் அவை உயிர் பெறும். அந்த ஒருவர் பெற்றோராகிய நீங்கள்தாம் என்பதே இம்மாதம் நாம் சொல்ல வந்த செய்தி.

சட்டம் பிள்ளையை எப்படிப் பார்க்கிறது?

சிறுவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து விசாரிக்கக் கூடாது என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. இந்திய மாகாணங்களுள் முதன்முதலில் சிறுவர் சட்டம் இயற்றியது நம் சென்னை மாகாணந்தான். அது 1920-ஆம் ஆண்டின் சென்னைச் சிறுவர் சட்டம். பின்னர் 1986-லும் 2000-த்திலும் நாட்டிற்குப் பொதுவான சட்டங்கள் வந்தன. இன்று நடப்பில் உள்ளது, 2016 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம்.

மீசை அரும்பிவிட்டது, ஆளாகிவிட்டான் என்பது நம் வீட்டுக் கணக்கு. சட்டத்தின் கணக்கு பதினெட்டு. சம்பவம் நடந்த நாளில் பதினெட்டு வயது நிறையாத ஆணோ பெண்ணோ சட்டத்தின் கண்ணில் குழந்தையே. பிடிபடும்போது பதினெட்டைத் தாண்டியிருந்தாலும் அவ்வாறே. குற்றவாளி என்ற சொல்லைக்கூடச் சட்டம் அவர்கள்மீது சுமத்துவதில்லை. "சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை" என்றே குறிப்பிடுகிறது. அவர்களை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். அதில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அமர்ந்திருப்பார்கள். அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும்.

காவல் நிலையத்தில்

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். நிலையத்தினுள் நுழைந்ததும் அவர் யார் என்று கேளுங்கள். பிள்ளையைப் பிடித்த செய்தியைப் பெற்றோருக்கு உடனே தெரிவிப்பது காவல் துறையின் கடமை. பிள்ளையைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. கை விலங்கு பூட்டக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் வற்புறுத்திக் கையெழுத்து வாங்கக் கூடாது. பிள்ளையோடு பேசும் காவலர் சீருடையில் இருத்தலாகாது என்றும் விதி சொல்கிறது. பயண நேரம் நீங்கலாக, இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் பிள்ளையைக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும்.

ஆதலால், செய்தி தெரிந்த அந்த நேரத்திலேயே புறப்படுங்கள். தனியாகப் போகாதீர்கள்; பதற்றப்படாத ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே குரலை உயர்த்த வேண்டாம்; காலில் விழவும் வேண்டாம். மூன்று கேள்விகளை நிதானமாகக் கேளுங்கள். என்ன புகார்? எந்த நேரத்தில் அழைத்து வந்தீர்கள்? எந்தக் குழுமத்தின் முன், எப்போது நிறுத்தப் போகிறீர்கள்? விடைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையைக் கண்ணால் பாருங்கள். உடம்பில் அடிபட்ட அடையாளம் இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இருந்தால் அலுவலரிடம் கொடுத்து, விவரம் சொல்லுங்கள். பிள்ளை எங்கே இருக்கிறான் என்றே தெரியாவிட்டால், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

சிறு குற்றம் என்றால் காவல் நிலையத்திலேயே பிள்ளையைப் பிணையில் அனுப்பவும் சட்டத்தில் இடமுண்டு. கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

எந்தக் குழுமம்?

நம் மேற்குப் புறநகர்வாசிகளுக்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022-இல் உருவான ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் உள்ளன. ஆனால் வருவாய் மாவட்டக் கணக்கு வேறு. அம்பத்தூர் வட்டம் 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. இளைஞர் நீதிக் குழுமமோ மாவட்டந்தோறும் அமைக்கப்படுவது. சென்னை மாவட்டத்துக்குரியது கெல்லீஸில் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துக்குத் தனிக் குழுமம் உண்டு.

நீதிமன்றம் என்றதும் பூந்தமல்லி வளாகத்திற்கு ஓடத் தோன்றும். அங்கே காலை முழுவதும் காத்துக் கிடக்க, பிள்ளை வேறோர் ஊரில் தனியே நிறுத்தப்பட்டு, உங்கள் முகத்தைக் காணாமலே கூர்நோக்கு இல்லத்திற்கு அனுப்பப்படலாம். பொதுவாகச் சம்பவம் நடந்த இடத்தைக்கொண்டே எந்தக் குழுமம் என்பது முடிவாகிறது. ஆதலால், வீட்டு முகவரியை வைத்து நீங்களே கணக்குப் போடாதீர்கள். காவல் நிலையத்தில் கேட்டு, உறுதி செய்துகொண்டு புறப்படுங்கள்.

வழக்குரைஞருக்குப் பணம் வேண்டாமா?

வேண்டாம். 1976-இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 39-ஏ பிரிவு, ஏழ்மையின் காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்று கூறுகிறது. அதனைச் செயலாக்க வந்தது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1995-இல். அதன் 12-ஆம் பிரிவின்படி பெண்களும் குழந்தைகளும் வருமானக் கணக்கு ஏதும் காட்டாமலே இலவச வழக்குரைஞரைப் பெறலாம். தகப்பனார் மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது இங்கே கேள்வியே அன்று.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ, நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கோ வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். எதுவும் முடியாவிட்டால், குழுமத்தின் முன் எழுந்து நின்று, "எங்கள் பிள்ளைக்கு வழக்குரைஞர் இல்லை, நியமித்துத் தாருங்கள்" என்று சொல்லுங்கள். குழந்தைக்குச் சட்ட உதவி கிடைக்கச் செய்வது குழுமத்தின் கடமைகளுள் ஒன்று. அவ்வாறு நியமிக்கப்படும் வழக்குரைஞருக்கு ஆணைக்குழுவே ஊதியம் தரும். நீங்கள் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால், நியமித்த ஆணைக்குழுவிடமே முறையிடலாம்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள். அவர் பிள்ளைக்காக வாதாட வந்தவர். வாப்பாவின் முன் சொல்லக் கூசும் உண்மையைப் பிள்ளை அவரிடம் சொல்லக்கூடும். அவர்கள் இருவரும் சற்று நேரம் தனியே பேச விட்டு, நீங்கள் வெளியே நில்லுங்கள்.

இந்த உரிமை எங்கும் எளிதில் கிடைத்ததன்று. செல்வச் செழிப்புள்ள அமெரிக்காவில்கூட 1960-களில் சிறுவர் நீதிமன்றங்களில் வழக்குரைஞர் தேவையில்லை என்றே கருதினர். 1964 ஜூன் மாதம், அரிசோனா மாநிலத்தில் ஜெரால்டு கால்ட் என்னும் 15 வயதுச் சிறுவனை, அண்டை வீட்டுப் பெண்மணியிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசியதாகச் சொல்லிப் பிடித்துப் போனார்கள். தாயும் தந்தையும் வேலைக்குப் போயிருந்தனர். வீட்டில் ஒரு தகவலும் சொல்லி வைக்கவில்லை. புகார் கூறிய பெண்மணி விசாரணைக்கு வரவே இல்லை. பையனுக்கு வழக்குரைஞரும் இல்லை. இருபத்தொரு வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் இருக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள்! அதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. பெற்றோர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 1967 மே 15 அன்று, சிறுவனுக்கும் வழக்குரைஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்குப் போய்த் திரும்பிய தாய் தகப்பன், "விதி" என்று உட்கார்ந்துவிடாததால் கிடைத்த தீர்ப்பு அது.

ஒரு தாளின் விலை

குழுமத்திற்குச் செல்லும்போது கையில் இருக்க வேண்டிய முதல் தாள், பிள்ளையின் வயதுச் சான்று. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றோ, பத்தாம் வகுப்புச் சான்றிதழோ முதலில் பார்க்கப்படும். அவை இல்லையெனில் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இவை எதுவுமே இல்லாதபோதுதான் எலும்பைப் பார்த்து வயது சொல்லும் மருத்துவப் பரிசோதனை.

இந்தத் தாளுக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு ஒரு வழக்கு. பூனாவில் 1994-இல் நடந்த கொலைகளுக்காக, ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவர் பெரியவராகவே விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றார். சொந்த ஊர்ப் பள்ளியின் பதிவேட்டைக்கொண்டு, சம்பவத்தின்போது அவருக்குப் பன்னிரண்டரை வயதே என்று 2023 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் முடிவு செய்து, அவரை விடுதலை செய்தது. அதற்குள் சிறையில் 28 ஆண்டுகள் கழிந்துவிட்டன! வயதைப் பற்றிய கோரிக்கையை வழக்கின் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் இழந்த இளமையை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

நம் வீடுகளில் ஒரு பழைய பழக்கம் உண்டு. சீக்கிரம் பள்ளியில் சேர்ப்பதற்காகப் பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்லிவிடுவோம். அன்று வாய்க்கு வந்தபடி சொன்ன தேதி, பின்னொரு நாள் பதினேழு வயதுப் பிள்ளையைப் பதினெட்டாக்கி நிறுத்திவிடும். அப்படி நேர்ந்திருந்தால் அதை வழக்குரைஞரிடம் முதல் நாளிலேயே சொல்லி, பிறப்புச் சான்றிதழையும் காட்டுங்கள்.

பிணை கிடைக்குமா?

பெரியவர்களின் வழக்கில் பிணையில் விட முடியாத குற்றங்கள் என ஒரு வகை உண்டு. குழந்தைக்கு அந்த வேறுபாடு இல்லை. பிணையில் விடுவதே விதி. மறுப்பதற்கு மூன்று காரணங்களே உண்டு. வெளியே விட்டால் அறியப்பட்ட குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான் என்பது, அவனது உடலுக்கோ உள்ளத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து நேரும் என்பது, நீதியின் நோக்கம் கெடும் என்பது. மறுத்தால் காரணத்தைக் குழுமம் எழுத்தில் தர வேண்டும். ஜாமீன்தாரர் இன்றியும் விடலாம். நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் பிள்ளை ஏழு நாள் இல்லத்திலேயே இருக்க நேர்ந்தால், நிபந்தனையைத் தளர்த்துவதற்காக அவனை மறுபடியும் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும்.

எனவே, "இவனைப் பார்த்துக்கொள்ள வீடு இருக்கிறது" என்று காட்டுவதுதான் உங்கள் வேலை. தலைமை ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிச் செல்லுங்கள். தெருவிலுள்ள சேர்க்கைதான் சிக்கல் என்றால், சில மாதங்கள் வேறு பகுதியிலுள்ள பெரிய வாப்பா வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி, அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்திற்குள் குடும்பச் சூழ்நிலையைப் பற்றி அறிக்கை தருவார். அவர் வீட்டிற்கு வரும்போது எதையும் மறைக்காதீர்கள். வறுமையைச் சொல்வதில் வெட்கமில்லை. தகப்பனின் குடிப்பழக்கம் போன்றவற்றை மறைத்துப் பின்னர் வெளிப்பட்டால் நம்பிக்கை போய்விடும்.

செங்கல்பட்டு சொல்லும் பாடம்

"நாலு நாள் உள்ளே இருந்தால் திருந்துவான்" என்று சொல்லும் தகப்பன்மார்கள் இதனைச் சற்று நின்று படிக்க வேண்டும். 2022 டிசம்பர் கடைசியில், திருட்டுப் புகாரின்பேரில் ரயில்வே காவல் துறை பிடித்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் செங்கல்பட்டிலுள்ள அரசினர் கூர்நோக்கு இல்லத்திற்கு அனுப்பப்பட்டான். அந்த ஆண்டு முடிவதற்குள் அவன் உயிர் போயிற்று. உடல்நலம் குன்றியதாக முதலில் சொல்லப்பட்டது. பிரேதப் பரிசோதனையில் அவன் தாக்கப்பட்டது வெளிவந்தது. இல்லத்தின் பணியாளர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டனர். அதன்பின் தமிழக அரசு, இத்தகைய இல்லங்களைச் சீரமைப்பது பற்றி ஆராய ஓய்வு பெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. அக்குழு 2023 நவம்பரில் அறிக்கை அளித்தது.

எல்லா இல்லங்களும் அப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், ஒரு நாள்கூடப் பிள்ளையைக் கேட்பாரற்றவனாக அங்கே விட்டுவிடாதீர்கள். பார்க்க அனுமதிக்கும் நாளில் தவறாமல் போங்கள். கை, கால், முதுகைப் பாருங்கள். தூக்கம், சாப்பாடு, மருந்து பற்றிக் கேளுங்கள். ஐயம் எழுந்தால் வழக்குரைஞர் மூலம் உடனே குழுமத்திடம் சொல்லி, மருத்துவப் பரிசோதனை கோருங்கள். குழுமமும் மாதம் ஒரு முறையேனும் இல்லத்தைப் பார்வையிட வேண்டும் என்பது சட்டம்.

விசாரணையும் முடிவும்

குழுமத்தின் விசாரணை, பிள்ளை முதன்முதலில் முன்னிறுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதத்தில் முடிய வேண்டும். தேவையானால் மேலும் இரண்டு மாதம் நீட்டலாம். சிறு குற்றமாக இருந்து, அதற்குள்ளும் முடியாவிட்டால் விசாரணையே கைவிடப்படும். தவறு மெய்ப்பிக்கப்பட்டாலும், எச்சரித்து வீட்டுக்கு அனுப்புதல், ஆலோசனை வகுப்பு, சமூகத் தொண்டு, நன்னடத்தைக் கண்காணிப்பு எனப் பல வழிகள் உண்டு. சிறப்பு இல்லத்தில் வைப்பதென்றால் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. உத்தரவில் குறையிருப்பதாகக் கருதினால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

ஒரு விலக்கையும் அறிந்திருங்கள். பதினாறு வயது நிறைந்த பிள்ளைமீது, குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்கு மேல் என்னும் கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், அவனைப் பெரியவர்போல் விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் மதிப்பீடு செய்யும். பிள்ளையின் வாழ்வே திசை மாறக்கூடிய கட்டம் அது. வழக்குரைஞர் இல்லாமல் அந்த நாளைக் கடக்கவே கூடாது. அங்கும் மரண தண்டனைக்கோ, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனைக்கோ இடமில்லை.

பிள்ளையைப் பயன்படுத்திய பெரியவர் எவரேனும் பின்னால் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தைகளைச் சட்டவிரோதச் செயலில் ஈடுபடுத்துவோருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் உண்டு. "அவர்கள் நமக்கு வேண்டியவர்கள்" என்று பார்த்து, பழியெல்லாம் பிள்ளையின் தலையில் இறங்க விடாதீர்கள்.

அக்கம்பக்கத்தாருக்கு ஒரு சொல்

பிள்ளையின் பெயரையோ படத்தையோ, அவன் படிக்கும் பள்ளியையோ எவ்வகையிலும் வெளியிடுவது குற்றம். பத்திரிகைக்கு மட்டுமன்று, மஹல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் இது பொருந்தும். "யார் வீட்டுப் பிள்ளை பாருங்கள்" என்று படத்தைத் தட்டி விடுபவர், தாமே சட்டத்தை மீறுகிறார். வழக்கு முடிந்த பிள்ளை அந்தக் காரணத்தால் வேலைக்கோ படிப்புக்கோ தகுதி இழப்பதில்லை. ஒருசில கொடிய வழக்குகள் நீங்கலாக, அந்த ஆவணங்களே உரிய காலத்தில் அழிக்கப்பட வேண்டும். சட்டமே மறக்கச் சொல்வதைத் தெரு நினைவில் வைத்திருக்கலாமா?

ஜமாஅத் நிர்வாகிகளும் ஒரு காரியம் செய்யலாம். நடுநிசியில் ஒரு தாய் கதவைத் தட்டினால், உடன் புறப்படக்கூடிய இரண்டு பேரை, அவர்களில் ஒருவர் பெண்ணாக, இன்றே அடையாளம் கண்டு வையுங்கள். 1098, 15100 என்னும் இரண்டு எண்களையும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

சகோதரிகளே, பிள்ளை தவறு செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம். அதை விசாரிப்பதற்குத்தான் குழுமம் இருக்கிறது. உங்கள் வேலை, அவன் தலை நிமிர்ந்து பார்க்கும்போது அந்த அறையில் அவனுக்குத் தெரிந்த ஒரு முகம் இருக்குமாறு செய்வது. கண்டிக்க வேண்டியவற்றை வீட்டுக்கு அழைத்து வந்தபின் கண்டித்துக்கொள்ளலாம். இந்த இதழை மூடுமுன் எழுந்து போய், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, ஓர் உறையிலிட்டு, பீரோவில் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.